திறக்கவில்லை என்று சொன்ன தண்ணீர்

அன்று காலை தொட்டியடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். தோட்டத்துத் தண்ணீர் வேலைக்காரன். கையில் வால்வு திருகும் சாவி.

கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டை முடித்த கையோடு, பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறி வந்தவர்.

ஃபெக்டரிக் காவல்காரர். கணக்கப்பிள்ளைக்குத் துணையாக வந்தவர்.

பார்வதி. அவளை யாரும் கூப்பிடவில்லை. எங்கள் பின்னால் வந்துவிட்டாள்.

செல்லையா. பார்வதியின் புருஷன். தொட்டிக்குள் கிடந்தார்.

அவ்வளவுதான். சிவலிங்கம் அங்கே இல்லை. மரண தண்டனை அவனுக்குத்தான் கிடைத்தது.

தம்பிமாரே, பதுளைக்கு மேலே உள்ள தோட்டங்களில் இப்போது தண்ணீர்ச் சாவியைக் கையில் வாங்கியிருப்பவர்கள் நீங்கள். பைப்பு எப்படி ஒட்டுவது, வால்வுக்கு வாஷர் எப்படிப் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்ல வரவில்லை. நான் சொன்ன ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தின் அமைப்பு இப்படி. மேலே காட்டோரத்தில் ஊற்றுத் தண்ணீர் நிறையும் சிமெந்துத் தொட்டி. அங்கிருந்து ஒற்றைப் பைப்பு இறங்கும். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு குழிக்குள் வால்வு. லயத்து முற்றத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலி. எல்லா வீட்டுக்கும் அந்த ஒரு பீலிதான். வால்விலிருந்து தொட்டிக்கு ஏறக் கால் மணி நேரம் பிடிக்கும். எனக்கு முழங்கால் வலி. இருபது நிமிடம் பிடிக்கும்.

தண்ணீர் வேலைக்காரனுக்கு ஒரே ஒரு கட்டளை உண்டு. காலையில் முதலில் மேலே ஏறித் தொட்டியைப் பார்க்க வேண்டும். பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். பாம்பு செத்துக் கிடக்கும், பன்றி விழுந்து கிடக்கும், யாராவது மருந்து டின்னைக் கழுவியிருப்பார்கள். பார்த்த பிறகு திறப்பதுதான் வேலை.

நான் இரண்டு வருடமாக அப்படிச் செய்யவில்லை. கீழே வால்வைத் திறந்துவிட்டு, விடிந்த பிறகு ஏறுவேன். முழங்காலைக் காரணம் சொல்லலாம். சோம்பல்தான் காரணம்.

அந்த வருடம் மழை இல்லை. ஊற்று மெலிந்துவிட்டது. வீட்டுக்கு இரண்டு குடம் என்று தொழிற்சங்கத் தலைவர் முடிவு சொன்னார். வீட்டு நம்பர்படி வரிசை. ஒரு குடம் நிறைய இரண்டரை நிமிடம் ஆனது. வரிசையின் கடைசியில் இருப்பவர்களுக்குப் பல நாள் ஒன்றும் கிடைக்காது. சிவலிங்கத்தின் வீடு கடைசி வீடு. அவனும் அம்மாவும்.

செல்லையா பேர் கொடுத்து வேலை செய்வதை விட்டுவிட்டு, காட்டோரத்தில் போஞ்சிக்காய்த் தோட்டம் போட்டிருந்தார். நல்ல உழைப்பாளி. ராத்திரியில் பன்றிக் காவலுக்கு அங்கேயே குடிசையில் படுப்பார். அவர் ஒரு கறுப்பு ஹோஸ் பைப்பைத் தொட்டிக்குள் போட்டுப் போஞ்சிக்குத் தண்ணீர் இழுத்தார். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு தடவை எடுத்து வெளியே போட்டேன். மூன்றாவது தடவை கண்டும் காணாமல் விட்டேன். எனக்கு ஒரு பை போஞ்சி வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் பின்னேரம் பீலியடியில் சிவலிங்கத்துக்கும் செல்லையாவுக்கும் வாய்ச்சண்டை.

“எங்கம்மாவுக்குக் குடிக்கத் தண்ணியில்ல. ஒங்க போஞ்சி மட்டும் குளிக்குது, என்ன?”

“ஒங்கம்மாவுக்கு வேணும்னா ரெண்டு போஞ்சி குடுத்தனுப்புறேன்டா. சாறு ஊறும்.”

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவனைக் கெடுத்தது.

“சிரிங்க. அந்தத் தொட்டியிலேயே ஒன்னைய முக்கிக் கொல்லல, நான் எங்கம்மா வயித்துல பொறக்கல!”

இருபது பேர் கேட்டார்கள். கோர்ட்டில் ஆறு பேர் அதை அப்படியே சொன்னார்கள்.

அடுத்த நாள் ஐந்து பத்துக்கு நான் வால்வைத் திறந்தேன். மேலே ஏறிப் பார்க்கவில்லை. வால்வுக் குழியின் ஓரத்தில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். கீழே பீலியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. ஆறு மணிக்குப் பெரட்டு மணி அடித்தார்கள். அதற்கும் கொஞ்சம் பிந்தி, கீழேயிருந்து பார்வதியின் குரல்.

“தண்ணிக்கார அண்ணே! தண்ணி நூலாப் போச்சு! மேல தூங்குறீங்களா?”

“பொறு தாயி, பாக்குறேன்.”

“பொறுத்துப் பொறுத்துத்தான் பாதிக் குடத்தோட நிக்கிறேன்!”

வால்வில் இலை அடைத்திருக்கும் என்று நினைத்தேன். கழற்றிப் பார்த்தேன். இல்லை. திரும்ப மாட்டினேன். பத்து நிமிடம் போயிற்று. ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு ஏறினேன். மெதுவாகத்தான் ஏறினேன்.

செல்லையா குப்புறக் கிடந்தார். அவர் உடுத்தியிருந்த சாரம் பைப்பு வாய்க்குள் இழுபட்டுப் போய் அடைத்திருந்தது. பின்மண்டையில் காயம்.

இறங்கிப் பெரட்டுக் களத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். ஏறி வந்தோம். பார்வதி தொட்டியைப் பார்த்துவிட்டுக் கீழே விழுந்தாள். அவளைத் தூக்கி உட்காரவைத்தோம். அப்போதுதான் கணக்கப்பிள்ளை என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தண்ணி தொறந்துட்டியா?”

பார்வதி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் அரைக் குடம் தண்ணீர் இருந்தது. அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தல் இருந்திருக்கும். இரவே செத்து விழுந்திருக்கிறார், லயமே இவர் ஊறிய தண்ணீரைக் குடித்திருக்கிறது என்று நான் நினைத்தேன். அதை அவள் முன்னால் எப்படிச் சொல்வது? அது ஒன்று. ஏறிப் பார்க்காமல் திறந்தேன் என்றால் வேலை போகும். அது இன்னொன்று. எது முதலில் மனதில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் வந்தன.

“இல்லீங்க” என்றேன்.

அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வந்தது.

பொலிஸ் வந்தது. சார்ஜன் கேட்டார். தினமும் எத்தனை மணிக்குத் திறப்பாய்? ஐந்து மணிக்கு. திறக்க முன்னால் ஏறிப் பார்ப்பாயா? பார்ப்பேன். அப்படியென்றால் இன்று ஐந்து மணி போலப் பார்த்திருக்கிறாய்? ஆமாங்க. பிறகு ஏன் பிந்திச் சொன்னாய்? பயந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

லயத்துப் பெண்கள் பீலியடியில் பேயறைந்த மாதிரி நின்றார்கள்.

“தண்ணிக்கார மாமா, அப்ப காலையில வந்த தண்ணி?”

“அது பைப்புல கெடந்த பழைய தண்ணி. நான் தொறக்கவே இல்ல.”

வால்வை மூடிவைத்தால் பைப்பில் நிற்பது ஒரு குடம்தான். அந்தப் பெண்களுக்கும் அது தெரியாமல் இருக்காது. ஆனால் ஒருத்தியும் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை. வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் சாக்கடைக் கானில் ஊற்றினார்கள். நான் தொட்டியைக் காலி பண்ணி, சுண்ணாம்பு போட்டு மூன்று முறை கழுவினேன். அதன் பிறகு அந்த நாளின் தண்ணீரைப் பற்றி லயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஃபெக்டரிக் காவல்காரர் ஒன்று சொன்னார். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, சிவலிங்கம் மண்வெட்டியோடு தொட்டிப் பாதையில் இறங்கி வந்ததைக் கண்டாராம். அது உண்மை. சிவலிங்கமும் ஒத்துக்கொண்டான்.

“ஹோஸைத்தான் வெட்டினேன். ஆள அங்க நான் காணவே இல்ல.”

ஹோஸ் வெட்டப்பட்டுத்தான் கிடந்தது. யார் நம்புவது? முதல் நாள் கொல்லுவேன் என்றவன், அடுத்த நாள் இருட்டில் மண்வெட்டியோடு இறங்குகிறான். ஐந்து மணிக்குத் தண்ணீர்க்காரன் பிணத்தைப் பார்க்கிறான். டொக்டர் நள்ளிரவுக்கும் காலைக்கும் இடையில் என்றார். மண்டையில் அடி, நுரையீரலில் தண்ணீர் என்றார். எல்லாம் பொருந்தியது.

மூன்று வருடம் கழித்துப் பதுளையில் வழக்கு நடந்தது. கூண்டில் ஏறுவதற்கு முன்னால் சங்கத்து ஆள் ஒருவர் காதில் சொன்னார்: “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கூட ஒரு சொல்லும் வேணாம்.” எனக்கு அது லேசு. எப்போதும் அப்படித்தான் பேசுவேன். கேட்டதற்கு மட்டும் சொன்னேன். பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள்.

தீர்ப்பன்று சிவலிங்கத்தின் அம்மா வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். மரண தண்டனை என்றார்கள். தூக்கில் போடமாட்டார்கள், உள்ளேயே வைத்திருப்பார்கள் என்று யாரோ அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்து, “நீங்க கண்டதச் சொன்னீங்க. ஒங்க மேல வருத்தமில்ல” என்றாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் தன் காதுத்தோட்டை விற்று மேன்முறையீடு போட்டாள்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு காலை. இப்போது நான் தினமும் முதலில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். அன்றும் பார்த்தேன், தொட்டி சுத்தம். இறங்கித் திறந்தேன். அரை மணி நேரம் நல்ல தண்ணீர். பிறகு கீழே சத்தம்: தண்ணீர் நூலாகிவிட்டது. ஏறிப் போனேன். காற்றுக்கு ஒரு வெறும் உரப் பை பறந்து வந்து தொட்டிக்குள் விழுந்து, பைப்பு வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடைத்தால் உடனே நிற்கும். இரண்டு மூன்று நிமிடம், அவ்வளவுதான். அன்று ஐந்து பத்திலிருந்து ஆறு மணி தாண்டும்வரை தண்ணீர் நன்றாக ஓடியது. அப்படியென்றால் ஐந்து மணிக்குத் தொட்டிக்குள் செல்லையா இல்லை. அவர் விழுந்தது ஆறுக்குப் பிறகு. போஞ்சிக்குத் தண்ணீர் வரவில்லை என்று பார்க்க ஏறியிருப்பார். தொட்டி விளிம்பு முழுக்கப் பாசி.

ஆறு மணிக்குச் சிவலிங்கம் பெரட்டுக் களத்தில் நின்றான். அங்கிருந்து கங்காணியோடு தேயிலை கவ்வாத்து வெட்டும் மலைக்குப் போனான். முப்பது ஆண்கள் கூட இருந்தார்கள்.

லயம் குடித்ததும் நல்ல தண்ணீர்தான். நான் எதை மறைக்கப் பொய் சொன்னேனோ, அது நடக்கவே இல்லை.

நான்கு வருடம் இந்த வேலையைச் செய்துகொண்டே இதை யோசிக்காமல் இருந்திருக்கிறேன். படிப்புத் தேவையில்லை இதற்கு. தண்ணீர்க்காரன் ஒருவனுக்குத்தான் இது தெரியும். அந்த ஒருவன்தான் பொய் சொல்லியிருந்தான்.

அடுத்த நாளே பதுளைக்குப் போனேன். மேன்முறையீட்டைப் பார்த்த சட்டத்தரணி யாழ்ப்பாணத்து அம்மா. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். முழுவதும் சொன்னேன்.

“நீங்கள் ஏன் இதை அப்பவே சொல்லேல்லை?”

“பயம்ங்க.”

“இப்ப பயம் இல்லையோ?”

“இருக்குங்க.”

“கோர்ட்டிலை சத்தியம் பண்ணிப் பொய் சொல்லியிருக்கிறியள். உங்களையே உள்ளுக்குப் போடலாம். தெரியுமோ?”

“தெரியாதுங்க. போடட்டும்.”

“அது வீரமில்லை, ஐயா. அதாலை ஒரு பிரயோசனமும் இல்லை. ஒருக்காப் பொய் சொன்ன ஆளை ஏன் நம்போணும் எண்டு நீதிபதிமார் கேப்பினம். உங்கட சொல்லு ஒண்டு மட்டும் காணாது. அண்டைக்குத் தண்ணி வந்தது எண்டு சொல்ல வேற ஆர் இருக்கினம்?”

“லயமே இருக்குங்க.”

“அப்ப லயத்தைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டிலேயே விளக்குமாற்றை எடுத்தார்கள். “அப்ப தொறந்துட்டுத்தான் தொறக்கலன்னு சொன்னீங்களா? எங்க பிள்ளைக்கு அந்தத் தண்ணியிலதானே பால்மா கரைச்சேன்!” என்று வீட்டுக்காரி கத்தினாள். நல்ல தண்ணீர், அவர் அப்போது விழவில்லை என்று விளக்கினேன். உரப் பையைச் சொன்னேன். “ஒங்க வாயில வர்றத இனி எவ நம்புவா?” என்றாள். பிறகு அவளே யோசித்தாள். “எனக்கு ரெண்டு குடமும் வேகமாத்தான் வந்திச்சு” என்றாள்.

ஒருத்தி சொன்னதும் மற்றவர்களும் சொன்னார்கள். தாங்கள் குடித்தது நல்ல தண்ணீர் என்று தெரிந்ததில் அவர்களுக்கு ஒரு நிம்மதி. நான்கு வருடம் மனதுக்குள் வைத்திருந்ததைக் கொட்டினார்கள். யாருக்குப் பிறகு யார், எத்தனை குடம், யார் யாரோடு சண்டை பிடித்தது, எல்லாம் நினைவிருந்தது.

பார்வதிதான் மிச்சம்.

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல நிறுத்தாமல் புடைத்தாள். முடித்ததும் கேட்டாள்.

“அப்ப நான் சத்தம் போட்டேனே. அந்த நேரத்துலதான் அவரு விழுந்தாரா?”

“அதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முந்தி இருக்கும் தாயி.”

“நான் ஒங்கள ஏசிக்கிட்டு நின்னேன்.”

“ஆமா.”

“ஒடனே ஓடியிருந்தீங்கன்னா?”

தம்பிமாரே, இந்தக் கேள்வியை நான் பிறகு டொக்டரிடம் கேட்டேன், அந்த நேரத்துக்குள் ஏறியே முடியாது என்றார். அந்த ஆறுதல் வேறு ஆளுக்கு. பீடி பற்றவைத்தது நான்.

“தெரியல தாயி” என்றேன்.

“சிவலிங்கம்தான் கொன்னான்னு நெனச்சா எனக்குத் தூக்கமாவது வந்திச்சு” என்றாள். “நீங்க வந்து அதையும் எடுத்துட்டுப் போறீங்க. போங்கண்ணே.”

போய்விட்டேன். அவள் வரமாட்டாள் என்று சட்டத்தரணியிடம் சொன்னேன். அவள் இல்லாமல் தண்ணீர் நின்ற நேரம் கோர்ட்டில் நிற்காது என்றார் அவர். முன்னால் பிடித்தவர்கள் ஓடிய தண்ணீரைத்தான் கண்டார்கள். நின்றதைக் கண்டவள் ஒருத்திதான்.

கொழும்பில் மேன்முறையீடு எடுபட இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று. என் சத்தியக் கடதாசியை நீதிபதிகள் லேசில் ஏற்கவில்லை. என்னைப் பற்றி அதில் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பொய்யன் என்பதைப் பெரிய சொற்களில் எழுதியிருந்தார்கள். சரிதான். ஆனால் தீர்ப்பை ரத்துச் செய்து, பதுளையில் திரும்ப விசாரிக்கச் சொன்னார்கள்.

விசாரணைக்குப் போகும் நாள் காலை பஸ் நிற்கும் இடத்தில் பெண்கள் நின்றார்கள். எண்ணினேன். ஒரு தலை அதிகமாக இருந்தது. பார்வதி. வெள்ளைச் சேலை. என்னைத் தாண்டி நடந்தாள். சிவலிங்கத்தின் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். சிவலிங்கத்தை விடுதலை செய்தார்கள். பொய்ச் சாட்சிக்கு எனக்கு ஒத்திவைத்த சிறை கிடைத்தது. உள்ளே போகவில்லை, வேலையை விட்டு நிற்பாட்டினார்கள். நான் ஓய்வு பெற்ற கதை அதுதான். சிவலிங்கம் வெளியே வந்து கண்டிக்குக் கூலி வேலைக்குப் போனான். எங்கள் தோட்டத்தில் தங்கவில்லை. அவன் என்னை மன்னித்தானா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல இருப்பது இரண்டுதான். ஏறிப் பாருங்கள், பிறகு திறவுங்கள். ஏறாமல் திறந்தால், திறந்தேன் என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். வேலைதான் போகும்.

அன்று கோர்ட்டில் பெண்கள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறினார்கள். பெரட்டு நேரத்துக்குச் செக்ரோல் இருந்தது. தண்ணீர் நின்ற நேரத்துக்கு அவர்களுடைய குடங்கள்தான் இருந்தன. குடத்துக்கு இரண்டரை நிமிடம் என்று நான் சொன்னேன். அதை என் சொல்லுக்காக எடுக்கவில்லை, லயத்தில் எல்லோரும் சொன்னதால் எடுத்தார்கள். சட்டத்தரணி ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். பத்து வீடு, இரண்டு குடம். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் படுக்கையில் ஆள் கிடந்த வீட்டுக்கும் மூன்று குடம். இவ்வளவும் நிறைய, ஐந்து பத்திலிருந்து ஆறேகால் ஆகும்.

கடைசியாகப் பார்வதி ஏறினாள். அரச தரப்புச் சட்டத்தரணி கேட்டார், இத்தனை வருடத்துக்குப் பிறகு எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று.

“நான்தானுங்க குடத்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன்” என்றாள். “மணி அடிச்சு, ஆம்பளைங்க எல்லாம் பெரட்டுக்குப் போயிட்டாங்க. சிவலிங்கமும் என்னைத் தாண்டித்தான் போனான். அதுக்கப்புறந்தான் என் மொறை வந்திச்சு. பாதி நெறைஞ்சிச்சு. நின்னுருச்சு.”

நீதிபதி சட்டத்தரணியின் தாளை வாங்கிப் பார்த்தார். மொத்தத்தைப் பதிவுக்காக உரக்க வாசிக்கச் சொன்னார். அந்த அம்மா எழுந்து வாசித்தார்.

இருபத்தாறரைக் குடம்.